ரஷ்ய நாடு: நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மக்களின் தொழிலும் ஒழுக்கமும் அவற்றைச் சார்ந்து அமைவன என்று கண்டவர் நம் இலக்கண நூலார். வகுப்பறையில் அகப்பொருள் விளக்கத்தோடு இக்கருத்தை நாம் நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஒரு நாட்டின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர்க்கும் இது நல்ல கைவிளக்காகும். நிலம் அளவுக்கு மிஞ்சியும், உழவுக்குரிய பொழுது அளவுக்குக் குறைந்தும், இவ்விரண்டையும் ஆளத்தக்க மக்கள் மிகச் சிலராகவும் அமைந்துவிட்ட ரஷ்ய நாட்டின் வரலாற்றுக்கு இதனினும் பொருத்தமான திறவுகோல் கிடைப்பது அரிது. அந்நாட்டில் அரசர் மாறினர், கொடி மாறியது, கொள்கையும் மாறியது. நிலமும் பொழுதும் மாறவில்லை.

முதலில் நிலத்தைக் காண்போம். ரஷ்யாவின் பரப்பு ஏறத்தாழ 66 இலட்சம் சதுர மைல். உலக நாடுகளுள் இதுவே பெரியது. மேற்கே பால்டிக் கடலோரத்தில் உள்ள காலினின்கிராட் நகரில் காலை பதினொரு மணி அடிக்கும்போது, கிழக்கே கம்சட்காவில் இரவு ஒன்பது மணி ஆகி, பிள்ளைகள் உறங்கச் செல்கின்றனர். இவ்வளவு பெரிய நாட்டில் வாழ்வோர் 14 கோடிக்குச் சற்று மேற்பட்டவரே. அவருள்ளும் முக்காற் பங்கினர் யூரல் மலைக்கு மேற்கே ஐரோப்பியப் பகுதியில் நெருங்கி வாழ்கின்றனர். எஞ்சிய சைபீரியப் பெருவெளியில் நாட்கணக்கில் இரயிலில் சென்றாலும் மரங்களே கண்ணிற்படும்.

இந்நிலத்தின் தலையாய இயல்பு சமவெளியாய்க் கிடப்பது. ஐரோப்பாவிற்கும் ஆசியாவிற்கும் எல்லை என்று நிலப்படத்தில் நாம் கோடிட்டுக் காட்டும் யூரல் மலையின் மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 6,200 அடி. நம் பகாங்கிலுள்ள தகான் மலையைவிடத் தாழ்ந்தது. அதன் நடுப்பகுதியோ வெறும் குன்று வரிசை. வண்டியிற் செல்வோர் மலையைக் கடந்ததே அறியாமற் கடந்துவிடுவர். மாஸ்கோவிற்கு வடமேற்கே வால்டாய் மேட்டுநிலம் இருக்கிறது. அதன் உச்சி 1,150 அடியைக்கூட எட்டாது. ஆயினும் வோல்கா, டினீப்பர், மேற்கு டுவினா ஆகிய மூன்று பேராறுகளும் அம்மேட்டை அடுத்த காடுகளிலும் சதுப்புகளிலும் பிறந்து, முறையே காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் பால்டிக் கடலுக்கும் செல்கின்றன. மாணவர்க்கு ரஷ்ய நிலப்படத்தை விளக்கும் ஆசிரியர் மாஸ்கோவில் தொடங்காமல் இம்மேட்டில் தொடங்குவாராயின் பாதி வரலாற்றைச் சொல்லியவர் ஆவார்.

வடக்கிலிருந்து தெற்காக நிலம் பட்டை பட்டையாய் அமைந்துள்ளது. வடகடலோரத்தில் மரமற்ற தூந்திரம். அடுத்துத் தைகா எனப்படும் ஊசியிலைக் காடு. அதன் தெற்கே இலையுதிர் மரங்கள் கலந்த காடு. பின்னர் ஸ்டெப்பி என்னும் புல்வெளி. காட்டு மண் சாம்பல் நிறமானது, வளம் குன்றியது. புல்வெளி மண்ணோ கருமையானது. சில இடங்களில் மூன்றடி ஆழத்திற்கும் கரிய மண்ணே. இக்கரிசலை முறையாக ஆராய்ந்து 1883இல் நூல் எழுதிய டொக்குச்சாயெவ் என்னும் ரஷ்ய அறிஞரை மண்ணியலின் தந்தை என்று உலகம் போற்றுகிறது.

இனிப் பொழுது. நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் மண்ணின் அடிப்பகுதி ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கிறது. வேளாண்மைக்கு ஏற்ற மாஸ்கோ வட்டாரத்திலும் ஏப்ரல் இறுதிக்கு முன் ஏர் பூட்ட இயலாது. அக்டோபரில் பனி விழத் தொடங்கிவிடும். உழுதல், விதைத்தல், புல்லறுத்து உலர்த்துதல், கதிரறுத்தல், அடுத்த ஆண்டுக்குக் கம்பரிசியை விதைத்தல் ஆகிய அனைத்தையும் ஐந்தரை மாதத்திற்குள் முடித்தாக வேண்டும். எஞ்சிய காலமெல்லாம் மாட்டைக் கொட்டிலில் அடைத்து, சேர்த்து வைத்த புல்லைக் கொடுத்துக் காக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டும், பழைய நாளில் விதைத்ததைப்போல் மூன்று மடங்கு விளைந்தாலே உழவன் நிறைவடைந்தான். அம்மூன்றில் ஒன்று மீண்டும் விதைக்குப் போய்விடும். எஞ்சிய இரண்டில் குடும்பத்திற்கு ஒரு பங்கு, ஆண்டைக்கும் அரசுக்கும் ஒரு பங்கு. இக்கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆறுகளே சாலைகள்

அடர்ந்த காட்டில் வழி ஏது? ஆறே வழி. கோடையில் படகு செல்லும். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மீது சறுக்கு வண்டி செல்லும். பனி விழுந்தால் போக்குவரத்து நின்றுவிடும் என்று வெப்ப நாட்டவராகிய நாம் எண்ணுகிறோம். அங்கு நிலைமை நேர்மாறு. பனி உருகும் வசந்தத்திலும் மழை பெய்யும் இலையுதிர் காலத்திலும்தான் நிலம் சேறாகி வழி அடைபடும். பனிக்காலம் வழியைத் திறந்துவிடும்.

ஓர் ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து மற்றோர் ஆற்றின் தலைப்பகுதிக்குப் படகைத் தரைமேல் இழுத்துச் சென்றனர். அவ்வாறு இழுக்கும் இடத்திற்கு 'வோலக்' என்று பெயர். இழுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். வோலகலாம்ஸ்க், விஷ்னி வோலச்சொக் முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. இவ்வழியேதான் வடக்கிலிருந்து வந்த ஸ்காந்தினேவிய வணிகரும் வீரரும் பால்டிக் கடலிலிருந்து டினீப்பர் வழியாகக் கருங்கடலுக்கு இறங்கி, கான்ஸ்டான்டிநோபிள் நகருக்குத் தோலும் தேன்மெழுகும் அடிமைகளும் கொண்டு சென்றனர். இவ்வழியின் வடமுனையில் நோவ்கொரோடும் தெற்கே கீவும் பெருநகரங்களாயின. ரூரிக் என்பவன் 862ஆம் ஆண்டில் வடக்கே ஆட்சிக்கு வந்தான் என்று பழைய குறிப்பேடு கூறுகிறது. கீவ் அரசன் விளாதிமிர் 988ஆம் ஆண்டையொட்டிக் கிரேக்கத் திருச்சபைக் கிறிஸ்தவத்தைத் தழுவினான். சமயத்தோடு எழுத்தும் வந்து நிலைபெற்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கீவ் இன்று உக்ரேன் நாட்டின் தலைநகர். ரஷ்யர், உக்ரேனியர், பெலாருஸியர் ஆகிய மூவரும் தத்தம் வரலாற்றைக் கீவிலிருந்தே தொடங்குகின்றனர். அதனை ரஷ்ய வரலாற்றின் முதல் அத்தியாயம் என்று மட்டும் எழுதிச் செல்லும் பாடநூல் பாதி உண்மையையே சொல்கிறது. முன்னோர் சொத்து யாருக்கு உரியது என்னும் இவ்வழக்கு ஏட்டளவில் நிற்கவில்லை. 2014இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றிய போதும், 2022இல் அதன் படைகள் உக்ரேனுக்குள் பெருமளவில் புகுந்தபோதும், போருக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்வரலாறும் இழுக்கப்பட்டது.

நோவ்கொரோடு பற்றித் தமிழாசிரியர்க்குச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. 1951ஆம் ஆண்டு அந்நகரில் அகழ்வாராய்ச்சி நடந்தபோது பூர்ச்ச மரப்பட்டையில் கீறிய மடல் ஒன்று கிடைத்தது. அதன்பின் இன்றுவரை ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட மடல்கள் கிடைத்துள்ளன. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறியதைப்போல, அவர்கள் மரப்பட்டையில் எலும்பாலோ இரும்பாலோ ஆன எழுத்தாணியால் கீறினர். ஓலை ஈரத்தில் அழிந்துவிடும். இப்பட்டையை ஈரச் சேறே காத்தது. கடன் கணக்கு, வழக்கு, வீட்டுச் செய்தி, காதல் முறையீடு என எல்லாம் அவற்றில் உண்டு. எழுதியோருள் பெண்களும் உளர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த ஒன்ஃபிம் என்னும் சிறுவனின் பயிற்சி மடல்களும் 1956இல் வெளிப்பட்டன. ஆறு ஏழு வயதிருக்கும் என்று கருதுகின்றனர். முதலில் நெடுங்கணக்கை எழுதுகிறான்; பின்னர் நம் பிள்ளைகள் உயிர்மெய் வரிசை எழுதுவதைப்போல ஒவ்வொரு மெய்யோடும் உயிரைச் சேர்த்து எழுதுகிறான்; நடுவே சலிப்புத் தட்டியது போலும், குதிரைமேல் ஏறி ஈட்டியால் பகைவனைக் குத்தும் வீரன் ஒருவனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொள்கிறான். வகுப்பில் பிள்ளைகளின் ஏட்டுப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்த எந்த ஆசிரியர்க்கும் இவன் அந்நியன் அல்லன்.

வேலியில்லா நிலம்

அச்சிறுவன் வாழ்ந்த காலத்தை ஒட்டியே பேரிடி விழுந்தது. செங்கிஸ்கானின் பேரன் பாத்துவின் தலைமையில் மங்கோலியக் குதிரைப் படை 1237ஆம் ஆண்டு டிசம்பரில் ரியாஸான் நகரை அழித்தது. மறு பிப்ரவரியில் விளாதிமிர் நகர் வீழ்ந்தது. 1240இல் கீவ் எரிந்தது. வந்தவர்கள் குளிர்காலத்தையே தேர்ந்துகொண்டனர் என்பதைக் காண்க. உறைந்த ஆறுகள் அவர்களுக்கு நெடுஞ்சாலைகளாயின. நோவ்கொரோடு நோக்கிச் சென்ற படை வசந்தம் நெருங்கவே திரும்பிவிட்டது. பனி உருகிச் சதுப்பு விரிந்தால் குதிரை நடவாது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. மலை காவாத நாட்டின் ஒரு மூலையைச் சேறு காத்தது!

வோல்காவின் கீழ்ப்பகுதியில் சராய் என்னும் நகரை அமைத்துக்கொண்டு மங்கோலியக் கான்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் திறை வாங்கினர். அவர்களுக்காகத் திறை தண்டிக் கொடுத்து, அதில் தாமும் வளர்ந்தவர் மாஸ்கோ இளவரசர். 1147இல்தான் முதன்முதலாக ஏட்டில் இடம்பெறும் மாஸ்கோ, ஆறுகள் நெருங்கும் காட்டு நடுவே மறைந்து நின்ற சிற்றூர். 1325 முதல் ஆண்ட இவானுக்குக் 'கலித்தா' என்று பட்டப்பெயர். பணப்பை என்று பொருள். 1480இல் உக்ரா ஆற்றின் இரு கரையிலும் கானின் படையும் மூன்றாம் இவானின் படையும் வாரக்கணக்கில் எதிரெதிர் நின்று, ஆறு உறையும் வேளையில் பெரும்போரின்றியே கலைந்தன. திறை அத்தோடு முடிந்தது என்பது மரபு.

இம்மூன்றாம் இவான் காலத்தில், த்வேர் என்னும் வோல்காக் கரை நகரிலிருந்து புறப்பட்ட அஃபனாசி நிகித்தின் என்னும் வணிகன் காஸ்பியன் கடலும் பாரசீகமும் கடந்து, விற்பதற்காகக் குதிரை ஒன்றையும் ஏற்றிக்கொண்டு இந்தியா வந்து சேர்ந்தான். பாமினி சுல்தான்களின் பீடார் நகரில் தங்கிக் கண்டதை எழுதினான். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட செய்தி இது. நாடு திரும்பும் வழியில், சொந்த ஊரை எட்டுமுன் அவன் இறந்தான். அவன் ஏடு மட்டும் மாஸ்கோ சேர்ந்தது.

1547இல் நான்காம் இவான் 'ஜார்' என முடி சூடினான். சீஸர் என்பதன் திரிபாகிய இச்சொல்லை நாம் பாரதியாரின் பாட்டு வழியே அறிவோம். 1552இல் காஸானும் 1556இல் அஸ்திரகானும் வீழவே, வோல்கா தலை முதல் கடல் வரை ஒரே ஆட்சிக்குள் வந்தது. தெற்கே மட்டும் அச்சம் நீங்கவில்லை. கிரிமியக் கானின் குதிரை வீரர் ஆண்டுதோறும் புல்வெளி வழியே வந்து மக்களைச் சிறைபிடித்துக் காஃபா சந்தையில் விற்றனர். 1571இல் மாஸ்கோவையே எரித்தனர். உழவர் மெலிந்த காட்டு மண்ணில் மல்லாடிக்கொண்டிருக்க, கண்ணெதிரே கிடந்த கரிசல் நிலம் ஏர் படாமல் கிடந்தது. வேலியில்லா நிலத்திற்கு வேலியிடவே 1635 முதல் மண்மேடும் வெட்டிச் சாய்த்த மரங்களும் காவற்கோட்டைகளுமாகப் பெல்கோரோடு அரண் வரிசையை 500 மைல் நீளத்திற்கு அமைத்தனர். அரண் தெற்கே நகர நகர ஏரும் நகர்ந்தது. அடுத்தவர் நிலமும் உள்ளடங்கியது. தற்காப்புக்கும் ஆசைக்கும் இடையே கோடு எங்கே என்பதை இவ்வரலாற்றில் எளிதில் காட்ட முடியாது. எல்லையைக் காப்பதற்கென்றே எல்லையைத் தள்ளிக்கொண்டு போன அரசு இது.

கீரித்தோலின் வழியே

கிழக்கே தள்ளியதற்கு அச்சம் காரணமன்று, தோலே காரணம். 'சோபோல்' எனப்படும் கீரியினத்துச் சிறுவிலங்கின் மென்மயிர்த் தோல் ஐரோப்பாவிலும் சீனத்திலும் பொன்னுக்கு நிகராக விலை போயிற்று. யெர்மாக் என்னும் கசாக்குத் தலைவன் 1582இல் யூரலைக் கடந்து குச்சும் கானை வென்றான். 1587இல் தொபோல்ஸ்க், 1632இல் லேனா ஆற்றங்கரையில் யாகுத்ஸ்க். 1639இல் மொஸ்க்வித்தின் என்பவனும் துணைவரும் பசிபிக் கடலோரத்தை மிதித்துவிட்டனர். மூவாயிரம் மைலுக்கு மேற்பட்ட நிலத்தை அறுபதாண்டுக்குள் கடந்தது எப்படி? சைபீரியாவின் ஓப், யெனிசெய், லேனா மூன்றும் வடக்கு நோக்கி ஓடினாலும் அவற்றின் கிளையாறுகள் கிழக்கும் மேற்குமாகக் கைநீட்டி ஏறத்தாழத் தொட்டுக்கொள்கின்றன. பழைய வோலக் முறையே இங்கும் கைகொடுத்தது.

அங்கே ஆளில்லாமல் இல்லை. யாகுத்தியர், எவெங்கியர், புரியாத்தியர் முதலிய பல இனத்தார் வாழ்ந்தனர். ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு இத்தனை தோல் என்று 'யசாக்' திறை விதித்தனர்; தலைவர் மக்களைப் பிணையாகப் பிடித்துக் கோட்டையில் வைத்தனர். வந்தவர் கொணர்ந்த பெரியம்மையால் குடிகள் பல அழிந்தன. ஒரு காட்டில் விலங்கு தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். இந்த ஓட்டம் கடல் தாண்டி அலாஸ்காவரை சென்று, 1867இல் அமெரிக்காவுக்கு அதனை 72 இலட்சம் டாலருக்கு விற்றதோடு நின்றது.

சீனத்தோடு 1689இல் நெர்ச்சின்ஸ்கிலும் 1727இல் கியாக்தாவிலும் உடன்படிக்கை ஏற்பட்டது. தோல் கொடுத்துத் தேயிலை வாங்கினர். ரஷ்யர் தேநீரைச் 'சாய்' என்பர். மலாய்க்காரர் 'தே' என்பர். தரைவழி சென்ற பெயர் ஒன்று. தென்சீனத் துறைமுகத்திலிருந்து கடல்வழி வந்த பெயர் மற்றொன்று. தமிழில் தேநீர், சாயா இரண்டும் வழங்குவதால் நாம் இரு வழிக்கும் உரியவர் ஆகிறோம்.

நிலத்திற்குக் கட்டுண்டோர்

இப்போது தொடக்கத்தில் குறித்த கணக்கிற்குத் திரும்புவோம். அரசனுக்குக் குதிரைப்படை வேண்டும். சம்பளம் கொடுக்கப் பணமில்லை, நிலம் உண்டு. ஆகவே படைவீரர்க்கு நிலத்தை அளித்தான். ஆனால் உழ ஆளில்லாத நிலம் எதற்கு உதவும்? ஆண்டை கொடியவனாயின் உழவன் இரவோடிரவாகப் பிள்ளைகுட்டிகளுடன் கிளம்பித் தெற்கே புல்வெளிக்கோ கிழக்கே யூரலுக்கோ சென்றுவிடுவான். கசாக்கு என்று பெயர் பெற்ற கூட்டத்தாருள் பெரும்பாலோர் இவ்வாறு ஓடிப்போனவரும் அவர்தம் வழியினருமே. நிலம் குறைந்து மக்கள் மிகுந்த நாட்டில் உழவனை விரட்டுவதாக ஆண்டை அச்சுறுத்துவான். இங்கோ உழவன் போய்விடுவான் என்று ஆண்டை அஞ்சினான். இவ்வச்சமே சட்டமாயிற்று.

1497ஆம் ஆண்டுச் சட்டம், நவம்பர் மாதப் புனித ஜார்ஜ் திருநாளுக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டுமே உழவன் கணக்குத் தீர்த்து இடம் மாறலாம் என்றது. 1580களில் அவ்வுரிமையும் சில ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. பின்னர் மீளவே இல்லை. 1649ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஓடிப்போனவனை எத்தனை ஆண்டு கழிந்தாலும் பிடித்துவரலாம் என்று முடித்துவிட்டது. மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் பண்ணையடிமை முறை தளர்ந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே அது இறுகியது. உலகிலேயே நிலம் மிகுந்த நாட்டில் ஒரு காணி தாண்டிப் போக மனிதனுக்கு உரிமை இல்லாமற் போயிற்று!

பிரபுக்களின் செல்வத்தை ஏக்கரால் அளக்கவில்லை; 'ஆன்மா' என்று ஆண்தலை எண்ணி அளந்தனர். வரிக் கணக்கெடுப்புக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் இடையில் இறந்தவனுக்கும் வரி கட்ட வேண்டும். 1842இல் வெளிவந்த கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' என்னும் நாவல் இவ்வேடிக்கையை வைத்தே எழுந்தது. இறந்தவர் பெயர்களை மலிவாக விலைக்கு வாங்கி அடகு வைத்துப் பணம் பெற முயலும் ஒருவனின் கதை அது. சிரித்துக்கொண்டே படிக்கலாம்; ஆனால் உயிரோடிருப்பவரையும் விற்கலாம் என்பதால்தான் இறந்தவரை விற்கும் கதை அங்கே நம்பத்தக்கதாயிற்று.

அடங்கியே இருந்தார்களா? 1670இல் ஸ்டீபன் ராஸினும் 1773இல் புகச்சோவும் வோல்காவெங்கும் தீ மூட்டினர். இருவரும் கசாக்குகள், இருவரும் மாஸ்கோவில் கொல்லப்பட்டனர். 1861இல் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தான். அப்போது பிரபுக்களிடம் கட்டுண்டிருந்தோர் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர். விடுதலையிலும் ஒரு கட்டு இருந்தது. பெற்ற நிலத்திற்கு 49 ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டும்; தவணைக்கு ஊரே பொறுப்பு; ஆகவே ஊரவையின் இசைவின்றி ஊரை விட்டுப் போக முடியாது. அத்தவணை 1907இல்தான் நீக்கப்பட்டது, அதுவும் 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அரசை உலுக்கிய பிறகு.

கடலைத் தேடி

கடல் தேடிய கதையைச் சுருங்கச் சொல்லலாம். பாடநூல்கள் அனைத்தும் அதை விரித்தே எழுதுகின்றன. 1584இல் அமைந்த அர்க்காங்கெல்ஸ்க் துறைமுகம் ஆண்டில் பாதி உறைந்துவிடும். முதலாம் பீட்டர் ஸ்வீடனோடு பொருது, 1703இல் நேவா ஆற்றின் சதுப்பில் பீட்டர்ஸ்பர்க் நகரை எழுப்பினான். அங்கும் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட உழவர்தாம் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1783இல் கேத்தரின் அரசி கிரிமியாவைச் சேர்த்துக்கொண்டாள். 1891இல் தொடங்கிய சைபீரிய இரயில் பாதை மாஸ்கோவையும் விளாடிவொஸ்டாக்கையும் இணைத்தது. நீளம் இன்று ஏறத்தாழ 5,770 மைல்.

இத்தேட்டத்தின் ஒரு காட்சியைச் சிங்கப்பூர் மக்களே கண்டனர். ஜப்பானோடு மூண்ட போரில் பால்டிக் கடலிலிருந்து புறப்பட்ட ரஷ்யக் கப்பற்படை, ஆப்பிரிக்காவைச் சுற்றி, 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்களோடு சிங்கப்பூரைக் கடந்து சென்றது. அடுத்த மாத இறுதியில் சுஷிமா நீரிணையில் அப்படை அழிந்தது. அப்போரில் தப்பிய ஷெம்சுக் என்னும் கப்பலை, 1914 அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது. ஒரு மாதத்திற்கு முன் சென்னையில் குண்டு வீசி, தமிழ்ப் பேச்சில் 'எம்டன்' என்று ஒரு சொல்லையே விட்டுச் சென்ற அதே கப்பல்தான். மாண்ட ரஷ்ய மாலுமிகளுக்குப் பினாங்கில் இன்றும் நினைவுச் சின்னம் உண்டு.

படையெடுத்து வந்தவர்களைக் 'குளிர்' வென்றது என்னும் பேச்சையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 1812 ஜூனில் எல்லை கடந்த நெப்போலியனின் படை, வெயிலாலும் நோயாலும் தீனியின்மையாலும் கோடையிலேயே பெரும்பகுதி கரைந்துவிட்டது. பனி விழுந்தபோது எஞ்சியது மிச்சமே. தொலைவுதான் முதல் பகைவன். 1941இல் ஹிட்லரின் படையும் அத்தொலைவுக்குள் புகுந்தது. ஆனால் அதை நிலமும் பனியும் வென்றன என்றால் மாண்டோரை மறந்தவர் ஆவோம். அப்போரில் சோவியத் மக்கள் 2 கோடியே 70 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று கணக்கிடுகின்றனர்.

மீண்டும் அதே கட்டு

1917இல் ஜார் வீழ்ந்தான். நிலம் உழவனுக்கே என்ற முழக்கத்தோடு புதிய ஆட்சி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நிலம் கூட்டுப் பண்ணைகளுக்குள் சென்றது. தானியம் நகரங்களுக்கும் ஏற்றுமதிக்கும் எடுக்கப்பட, 1932-33இல் உக்ரேனிலும் கஸக்ஸ்தானிலும் வோல்காப் பகுதியிலும் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். உணவு தேடி உக்ரேனையும் கூபான் பகுதியையும் விட்டு உழவர் வெளியேறாவண்ணம் 1933 ஜனவரியில் தடை விதித்தனர். அதற்கு முந்திய மாதம் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்திருந்தது. நகரத்தார்க்குச் சீட்டு, கூட்டுப் பண்ணை உழவர்க்கு இல்லை. சீட்டில்லாதவன் நகரில் வேலை தேடி நிலைகொள்ள இயலாது. கொலிமாவின் பொன் சுரங்கம், வொர்க்குத்தாவின் நிலக்கரிச் சுரங்கம் போன்று எவரும் விரும்பிச் செல்லாத குளிர் நிலங்களுக்குக் கைதிகளை அனுப்பி ஆளெண்ணிக்கையை நிரப்பினர்.

வானவெளிக்கு முதல் மனிதனை அந்நாடு 1961இல் அனுப்பியது. கூட்டுப் பண்ணை உழவர் அனைவர்க்கும் கடவுச்சீட்டு வழங்க ஆணை பிறந்தது 1974இல்.

1991இல் சோவியத் ஒன்றியம் பதினைந்து நாடுகளாகப் பிரிந்தது. சைபீரியாவும் தூரக்கிழக்கும் ரஷ்யாவிடமே தங்கின. ஆள் பிடித்து நிறுத்தும் கட்டு அவிழ்ந்ததும் தூரக்கிழக்கு மக்கள் மேற்கு நோக்கிப் பெயரத் தொடங்கினர். 2016இல் ரஷ்ய அரசு ஒரு சட்டம் செய்தது. தூரக்கிழக்கில் குடியேறிப் பயன்படுத்த முன்வரும் எந்தக் குடிமகனுக்கும் ஒரு ஹெக்டேர் நிலம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர், விலையின்றி ஐந்தாண்டுக்கு அளிக்கப்படும். பயன்படுத்திக் காட்டினால் அதன்பின் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.